வளர்ச்சி ஹார்மோன் துண்டம் : சொல்லும் பொருளும்

அறிவியற் பொருள்களுக்குத் தமிழிற் பெயரிடுங்கால், பிறமொழிப் பெயரை அவ்வாறே மொழிபெயர்த்துக் கொண்டால் போதும் என்பார் உளர். மூலப் பெயரே பொருளியல்பைத் திரித்துக் காட்டுமாயின், மொழிபெயர்ப்பு அத்திரிபையும் உடன் கொணர்ந்துவிடும். கொழுப்பு வளர்சிதைமாற்ற ஆய்வுக்கென ஆக்கப்பட்ட ஏஓடி-9604 என்னும் செயற்கைப் பெப்டைடு இதற்குத் தக்க சான்றாகும். இது 'வளர்ச்சி ஹார்மோன் துண்டம்' என வழங்குகின்றது. இத்தொடரில் 'வளர்ச்சி', 'துண்டம்' ஆகிய இரு சொற்களும் ஆராயத்தக்கன.

மாந்தர் பிட்யூட்டரிச் சுரப்பியில் தோன்றும் வளர்ச்சி ஹார்மோன், 191 அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பெற்ற புரதம். எழுத்துக்கள் நின்ற முறையாற் சொல் அமைவது போல, அமினோ அமிலங்கள் நின்ற முறையாற் புரதம் அமைகின்றது. அதற்கும் முதலும் இடையும் ஈறும் உண்டு. இவ்வரிசையை அறுதியிடுதல் எளிதாக இருந்ததில்லை. சி. எச். லீ என்பாரும் அவர்தம் குழுவினரும் 1966-இல் 188 அமிலங்கள் கொண்ட வரிசையொன்றை வெளியிட்டனர். 1971-இல் ஹியூ நயல் அதன்கண் இருந்த பிழைகளைக் காட்டித் திருத்தினார். சுவடியின் பாடத்தை அறுதியிடும் பணியோடு இதனை ஒப்பிடுதல் மிகையன்று.

இவ்வொரு ஹார்மோன் பல தொழில்களைச் செய்கின்றது. எலும்பையும் தசையையும் வளர்ப்பதோடு, கொழுப்பைச் சிதைக்கவும் செய்யும். இன்சுலினின் செயலை எதிர்த்துக் குருதியிற் சர்க்கரையை மிகுவிக்கவும் செய்யும். கொழுப்புச் சிதைக்கும் தொழிலை மட்டும் பிரித்தெடுத்தல் கூடுமோ என்பதே ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பிராங்க் இங் என்பாரும் அவர்தம் குழுவினரும் எழுப்பிய வினா. ஹார்மோனின் ஈற்றுப் பகுதியிலேயே அத்தொழில் உறைகின்றது என்பது அவர்தம் கொள்கை.

176 முதல் 191 வரையுள்ள ஈற்றுப்பகுதி பதினாறு அமிலங்களால் ஆயது. அதன் முதற்கண் நிற்பது பினைல்அலனின். ஏஓடி-9604-இல் அவ்விடத்தே டைரோசின் நிற்கின்றது. ஏனைய பதினைந்தும் மாறவில்லை. நம் இலக்கணத்தார் கூறும் திரிதல் விகாரத்தை ஒத்தது இது: ஒன்று போய் மற்றொன்று வந்தது. ஆதலின் '176-191 துண்டம்' என்பதும் ஏஓடி-9604 என்பதும் ஒரு பொருட் பன்மொழி அல்ல. விற்பனையாளர் பலர் இரண்டையும் ஒன்றாகவே எழுதுவர். உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமையின் தடைப் பட்டியலோ இரண்டையும் தனித்தனியே குறிக்கின்றது. 182, 189 ஆம் இடங்களிலுள்ள சிஸ்டீன்கள் தம்முள் பிணைந்து சிறு வளையமாவது மட்டும் முழு ஹார்மோனிலும் இதனிலும் பொது.

மேலும், 'துண்டம்' என்றவுடன் முழுமையினின்று வெட்டியெடுக்கப்பட்டது என்னும் எண்ணம் எழும். இப்பெப்டைடு எங்கும் வெட்டப்படவில்லை. அமிலங்களைத் தொகுத்துச் செயற்கையாகக் கட்டப்பட்டது. துண்டமாதல் வரிசையளவிலேயன்றிப் பிறப்பளவில் அன்று.

'வளர்ச்சி' என்னும் சொல்லோ இதனினும் பெரிதும் மயக்குவது. முழு ஹார்மோன் ஒன்று இரண்டு ஏற்பிகளை ஒருங்கே பற்றியே வளர்ச்சிக் குறிப்பைச் செலுத்தும். இப்பெப்டைடு அவ்வேற்பிக்காகப் போட்டியிடுவதில்லை என்றும், உயிரணுப் பெருக்கத்தைத் தூண்டுவதில்லை என்றும் 2001-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. வளர்ச்சி ஹார்மோனின் பெயரைத் தாங்கி வளர்ச்சி செய்யாத பொருள் இது!

கொழுப்பைப் பற்றிய செய்தி யாது? பருத்த சக்கர் எலிகளுக்கு 19 நாள் வாய்வழியே கொடுத்தபோது அவற்றின் எடை ஏறக்குறைய 16 கிராம் கூடிற்று. கொடாத எலிகளில் 36 கிராம் அளவு கூடிற்று. பருத்த சுண்டெலிகளில் உடற்கொழுப்புக் குறைந்தது. பீட்டா-3 அட்ரீனலின் ஏற்பி நீக்கப்பட்ட சுண்டெலிகளில் நெடுநாட் பயன் காணப்படவில்லை. ஆயினும் அவற்றிலும் ஒருமுறை கொடுத்த அளவில் கொழுப்பெரிதல் மிகுந்தது. ஆகவே அவ்வேற்பி இப்பெப்டைடு நேரே பற்றும் இடம் அன்று என ஆய்வாளர் துணிந்தனர்.

மாந்தரிடத்தே இவ்வெண்ணம் நிறைவேறவில்லை. 536 பேரைக் கொண்டு 24 வாரம் நிகழ்ந்த சோதனையில் குறிப்பிடத்தக்க எடைக்குறைவு காணாமையால், 2007-இல் உடற்பருமன் மருந்தாக இதனை வளர்க்கும் முயற்சி கைவிடப்பட்டது. ஏஓடி என்பதனை 'உடற்பருமன் எதிர்ப்பு மருந்து' என்னும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமாக விரிப்பர். மெய்ப்பிக்கப்படாத ஒன்றைப் பெயரே முன்கூட்டிச் சொல்லிவிட்டது. ஆய்வுக்கூடத்திற்கு மட்டும் என்னும் குறிப்போடு விற்கப்படும் இதனை உடலிற் செலுத்திக்கொள்வோர் அப்பெயரை நம்பியே செய்கின்றனர் என்பது எம் கருத்து. 2013-இல் மேற்கூறிய முகமை, எந்நாட்டு அரசும் மருத்துவப் பயனுக்கு ஒப்புதல் அளியாத பொருள் இது என்பதனைச் சுட்டி, விளையாட்டில் இதற்குள்ள தடையை அறிவித்தது.

இவற்றை நோக்க, தமிழிற் பெயரிடுவார் 'துண்டம்' என்பதை விடுத்து, 'வளர்ச்சி ஹார்மோன் ஈற்றுத்திரிபுப் பெப்டைடு' என வழங்கலாம் என்பது எம் துணிபு. 'ஈறு' நிற்கும் இடத்தையும், 'திரிபு' டைரோசின் மாற்றத்தையும் உணர்த்தும். 'வளர்ச்சி' என்பது ஹார்மோனுக்கே அடையாக நிற்குமன்றிப் பெப்டைடின் தொழிலாகாது. இயற்கை வரிசை மாறாத 176-191 பெப்டைடுக்குத் 'திரிபு' என்பதை நீக்கி 'ஈற்றுப் பெப்டைடு' என்றல் அமையும்.