நன்றியுணர்வும் மாத்திரையும்: நீடித்த நோயோடு வாழும் கெலாங் பாத்தா மக்கள் அறிய வேண்டியவை

தாமதமாக வருவோர்

ஜொகூர் மாநிலத்தின் கெலாங் பாத்தாவிலும் அதைச் சுற்றியுள்ள, தாமான் எனப்படும் குடியிருப்புகளிலும் நீரிழிவு, ரத்தக் கொதிப்பு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றோடு பல ஆண்டுகளாக வாழ்ந்துவரும் தமிழர்களை நலம் விசாரிக்கும் மருத்துவருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "சாமி புண்ணியத்துல நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்" என்பதாகும். அதைச் சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆயினும் அவர் காலுறையைக் கழற்றும்போது, நரம்பு மரத்துப்போனதால் வலியே தெரியாமல் வாரக்கணக்கில் விடப்பட்ட புண் ஒன்று சுண்டுவிரலுக்கு அடியில் விளிம்பு வெளுத்து, நடுவில் கறுத்து, மேலே மஞ்சள்தூள் அப்பிய நிலையில் வெளிப்படுகிறது. அதன்பின் பேச்சு விரலைக் காப்பாற்றுவதா, பாதத்தைக் காப்பாற்றுவதா என்பதிலிருந்தே தொடங்க வேண்டியதாகிறது. இருப்பதைக் கொண்டு மனநிறைவு கொள்ளும் பண்பு இந்தச் சமூகத்தின் பெரும் பலம் என்பதில் ஐயமில்லை. அந்தப் பண்பே மருத்துவரிடம் போகாமலிருக்கச் சாக்காகவும் ஆகிவிடுவதால்தான் நன்றியுணர்வைப் பற்றி ஓர் உடல்நலக் கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது.

மலேசியாவின் தேசிய சுகாதார ஆய்வு 2019-இல் நடத்தப்பட்டபோது, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அது 31.4 விழுக்காடு. 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் ஒட்டுமொத்த அளவு 15.6 விழுக்காடாகக் குறைந்தபோதிலும், நோயுள்ள ஐவரில் ஏறத்தாழ இருவருக்குத் தமக்கு அந்நோய் இருப்பதே தெரியவில்லை. நோய் கவனிக்கப்படாமல் போவதற்குக் கெலாங் பாத்தாவின் வாழ்க்கைமுறையும் துணைபோகிறது. ரப்பர், செம்பனைத் தோட்டங்களாக இருந்த இவ்வட்டாரம், 1998-இல் சிங்கப்பூரின் துவாஸுக்கு இரண்டாவது இணைப்புப் பாலம் திறக்கப்பட்டதையும் அதையடுத்து தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம் இயங்கத் தொடங்கியதையும் ஒட்டி ஷிஃப்ட் வேலைக்காரர்களின் ஊராக மாறியது. டிரெசர் எனப்படும் தோட்டத்து மருத்துவ உதவியாளர் வீட்டு வாசலுக்கே வந்து மாத்திரை கொடுத்த காலம் போய், விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடப்பவர் காலை மாத்திரையை எப்போது, எதனோடு விழுங்குவது என்று தாமே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது.

நன்றியுணர்வு செய்வதும் செய்யாததும்

நன்றியுணர்வு என்று உளவியல் ஆய்வாளர்கள் குறிப்பிடுவது, தமக்குக் கிடைத்த நன்மையையும் அதைத் தந்தவரையும் உணர்ந்து ஏற்கும் மனநிலையை ஆகும். இதைச் சோதித்த ஆய்வுகளில் பெரிதும் அறியப்பட்டது ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்டதாகும். அதன் ஒரு பகுதியில், நரம்பும் தசையும் பலவீனமடையும் நோய்களைக் கொண்டவர்கள் 21 நாள் தங்களுக்கு அன்றன்று கிடைத்த நன்மைகளைக் குறித்துவந்தபோது, அவ்வாறு குறிக்காதவர்களைவிட அவர்களின் மனநிலை மேம்பட்டது, உறக்கம் கூடியது, வாழ்க்கையின்மீது நிறைவும் அதிகரித்தது. அவர்களின் தசைநோய் தணிந்ததாக அந்த ஆய்வு எங்கும் கூறவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். மேலும், இத்தகைய 27 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி மதிப்பிட்டு 2020-இல் வெளிவந்த தொகுப்பாய்வு, மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைப்பதில் நன்றிப் பயிற்சியின் பங்கு சிறிதே என்று முடிவுசெய்தது. ஆகவே இது நோயாளியின் நாளை இலகுவாக்கும் ஒரு பழக்கம். ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் மருந்தன்று.

அந்த இலகுவும் அற்பமானதல்ல. வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டிருப்பவருக்கு, நாள் முழுதும் குடிக்கக்கூடிய நீரையும் அளந்தே தர வேண்டியிருக்கிறது. தாகம் தாங்காத பிற்பகலில் அளவுக்குள் அடங்கும் ஒரு பனிக்கட்டித் துண்டை நாக்கில் வைத்து மெல்லக் கரையவிடும் அந்த இரண்டு நிமிடத்தை "இன்றைக்குக் கிடைத்தது" என்று குறித்துக்கொள்ளத் தெரிந்தவர், அடுத்த சிகிச்சைக்கு முகம் சுளிக்காமல் வருவார். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் சந்தா கட்டிவந்த தொழிலாளர் தகுதி பெற்றால் டயாலிசிஸ் செலவுக்கு உதவி கிடைக்கிறது. அழைத்துப்போய் அழைத்துவரும் மனைவியோ மகனோ இருந்தால், வாய்திறந்து அவருக்கு நன்றி சொல்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. பராமரிப்பவர் மனம் சோர்ந்தால் முதலில் தவறிப்போவது சிகிச்சை நாள்தான்.

பரவலாக நிலவும் தவறான நம்பிக்கைகள்

"உன்னைவிட மோசமானவர்களைப் பார், நீ கொடுத்துவைத்தவன்" என்ற அறிவுரை, சொல்பவர் நல்லெண்ணத்தோடு சொன்னாலும் கேட்பவருக்குத் தீங்கு செய்வதுண்டு. கால் எடுக்கப்பட்டவரைப் பார்த்துத் தன் கால் இருப்பதற்கு மகிழச் சொல்லப்படும் நோயாளி, தன் வலியைச் சொல்வதே நன்றிகெட்ட செயல் என்று எண்ணி, மருத்துவரிடமும் அதை மறைக்கிறார். நன்றியுணர்வுக்கும் முறையிடுதலுக்கும் பகை இல்லை. மருத்துவரிடம் முறையிடாதவருக்கு மருத்துவம் செய்யவும் இயலாது.

முற்பிறவி வினையால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டு அமைதியடைவோர் பலர். அந்த ஏற்பு அவர்களுக்கு ஆறுதல் தருமானால் அதைப் பறிக்க மருத்துவத்துக்கு உரிமை இல்லை. வினைப்பயனால் வந்தது எனக் கருதப்படும் புண்ணும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்துச் சிகிச்சை பெற்றால் ஆறக்கூடும் என்பதை மட்டும் அவர்கள் உணர்ந்தால் போதும்.

தைப்பூசக் காவடிக்கு நேர்ந்துகொண்டு, விரத நாட்களில் உணவோடு மாத்திரையையும் நிறுத்திவிடும் வழக்கம் மிகவும் ஆபத்தானது. இதன் மறுபுறமும் அதே அளவு ஆபத்தானது: உணவைக் குறைத்துவிட்டு இன்சுலினைப் பழைய அளவிலேயே போட்டுக்கொள்பவர், ரத்தச் சர்க்கரை திடீரெனச் சரிந்து, வியர்த்து, நடுங்கி, நினைவிழக்கும் நிலைக்குச் செல்லலாம். மருத்துவத்தில் இது தாழ்சர்க்கரை எனப்படும். விரதம் தொடங்குமுன் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டு அளவை மாற்றிக்கொள்வதற்கு எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது.

இன்சுலின் போட்டால் கண் போய்விடும், மெட்ஃபார்மின் சாப்பிட்டால் கிட்னி கெட்டுவிடும் என்ற பேச்சு, காப்பிக் கடை மேசைகளில் தலைமுறை தலைமுறையாக உயிரோடு இருக்கிறது. கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரை. மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரில் பாதிக்கும் மேற்பட்டோர் நீரிழிவாலேயே அந்நிலைக்கு வருகின்றனர். இன்சுலினைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டு, கண் பாதிக்கப்பட்டபின் தொடங்குபவரைப் பார்த்து, ஊசியால்தான் பார்வை போனது என்று அக்கம்பக்கத்தார் முடிவுகட்டிவிடுகின்றனர்.

அரசுக் கிளினிக்கின் "ஒரு வெள்ளி மருந்து" வீரியமற்றது என்ற எண்ணமும் இதே வகையைச் சேர்ந்தது. குடிமக்களிடம் ஒரு ரிங்கிட் மட்டும் பெற்றுக்கொண்டு மருத்துவரையும் மருந்தையும் அரசு தருகிறது. மீதிச் செலவு பொதுமக்களின் வரிப்பணத்திலிருந்து வருகிறது. நன்றியுணர்வுக்கு உரிய இடங்களில் இதுவும் ஒன்று. வாங்கிய மாத்திரையை அலமாரியில் தேக்கிவைத்துக் காலாவதியாக விடுபவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நன்றிக்கு உரியவையல்லாத மருந்துகள்

உடல்வலியோடு வருவோரிடம் இரண்டே நாளில் வலி பறந்தது, பசி எடுத்தது என்று புகழப்படும் மாஜுன் எனப்படும் மூலிகை உருண்டைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பதிவு செய்யப்படாத இத்தகைய தயாரிப்புகள் பலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு, அதாவது அழற்சியை அடக்கும் வலிய வேதிமருந்து, ரகசியமாகக் கலக்கப்பட்டிருந்ததை மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளனர். வலி பறப்பதற்கும் பசி எடுப்பதற்கும் காரணம் மூலிகையன்று, அந்த ஸ்டீராய்டே. அதே மருந்துதான் சர்க்கரையை உயர்த்தி, ரத்தக் கொதிப்பைக் கூட்டி, முகத்தை உப்பவைத்து, உடல் தானே சுரக்க வேண்டிய சுரப்பை முடக்கிவிடுகிறது. நோயாளி விற்றவருக்கு மனமார நன்றி சொல்கிறார். விளைவை ஏற்றுக்கொள்வது கிளினிக். இந்த உருண்டையை உண்டு பழகியவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து என்பதால், உருண்டையைக் கையோடு கொண்டுவந்து மருத்துவரிடம் காட்டுவதே முறை.

ரத்தக் கொதிப்புக்கு நல்லது என்று பெலிம்பிங் எனப்படும் நட்சத்திரப் பழச்சாறு குடிக்கும் வழக்கமும் இவ்வட்டாரத்தில் உண்டு. சிறுநீரகம் நன்றாக இயங்குபவர் அளவோடு குடித்தால் அது வெறும் பழச்சாறு. சிறுநீரகம் செயலிழந்தவருக்கோ அதே சாறு விக்கலில் தொடங்கி, மனக்குழப்பம், வலிப்பு, மரணம் வரை கொண்டுசெல்லக்கூடிய நஞ்சு. அந்த நஞ்சைக் காராம்பாக்ஸின் என்று பிரேசில் ஆய்வாளர்கள் 2013-இல் இனங்கண்டனர். பூனைமீசைச் செடியின் கஷாயத்தில் பொட்டாசியம் மிகுந்திருப்பதால், அதை வெளியேற்ற முடியாத சிறுநீரகம் கொண்டவரின் இதயத்துடிப்பு தடுமாறலாம். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்குளோஃபினாக் மாத்திரையும் நாள்தோறும் விழுங்கப்பட்டால் சிறுநீரகத்தை அரிக்கக்கூடும். பாகற்காயையும் வெந்தயத்தையும் உணவாக உண்பதை எவரும் தடுக்கவில்லை. மாத்திரைக்குப் பதிலாக அவற்றை எடுத்துக்கொள்வதுதான் தவறு.

மனம் சோரும்போது

நீரிழிவு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என ஆய்வுகள் காட்டுகின்றன. இதனினும் பரவலானது நோய்ச்சலிப்பு: நாள்தோறும் குத்திப் பார்ப்பதும் அளந்து உண்பதும் கணக்கு வைப்பதுமாக ஓயாமல் தொடரும் பொறுப்பினால் வரும் களைப்பு. அத்தகையவரிடம் "நன்றியோடு இரு" என்று சொல்வது பழி சுமத்துவதாகவே முடியும். இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமும் விருப்பமும் அற்றிருந்தால் கிளினிக்கில் சொல்ல வேண்டும்; சுகாதார அமைச்சின் 'ஹீல்' உதவி எண் 15555-ஐயும் அழைக்கலாம்.

சோதனைகள்

மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, சிறுநீரில் புரதம், சிறுநீரகச் செயல்பாடு, விழித்திரை, பாத உணர்ச்சி ஆகியவற்றுக்கான சோதனைகளை, நலமாக இருப்பதாகத் தோன்றினாலும், நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவர் குறித்த தேதியில் செய்துகொள்ள வேண்டும்.

ஒரு வேண்டுகோள்

நன்றி எழுத விரும்புவோர் தனி நோட்டுப் புத்தகம் தேட வேண்டாம். கிளினிக் தரும் நீரிழிவுப் பதிவுப் புத்தகத்தில் சர்க்கரை அளவுக்குப் பக்கத்திலேயே அன்று கிடைத்த ஒரு நன்மையையும் எழுதிவைத்தால் இரண்டும் ஒருசேர நடக்கும். ஷிஃப்ட் வேலையால் கவுண்டருக்கு வர இயலாதவர்கள், மருந்தைத் தபாலில் பெறும் வசதி தமக்குக் கிடைக்குமா என்று மருந்தகத்தில் கேட்கட்டும். மருந்துப் பெட்டியில் 'எம்ஏஎல்' எனத் தொடங்கும் பதிவெண்ணும் ஹாலோகிராம் ஒட்டுவில்லையும் இல்லாத எதையும், கொடுப்பவர் எவ்வளவு நல்லவராயினும், வாயில் போட வேண்டாம். இன்றிரவு படுக்குமுன் சிறு கண்ணாடி ஒன்றைத் தரையில் வைத்து, பாதத்தின் அடியையும் விரலிடுக்குகளையும் தயவுசெய்து ஒருமுறை பாருங்கள். கண் மங்கியவருக்கு வீட்டிலுள்ள பிள்ளைகள் பார்த்துச் சொல்லுங்கள். சிறு கீறல், கொப்புளம், நிறமாற்றம் எதுவாயினும் நாளைக் காலையே கிளினிக்குக்குப் போங்கள். சம்பள நாள் வரட்டும், திருவிழா முடியட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.