மேலே ஏறினால் பூமிக்கு அடியில்

கேஎல் சென்ட்ரலில் கோமுட்டர் ரயில் ஏறினால் அரைமணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகப் பயணம், பத்துமலை வந்துவிடும். பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு அது தைப்பூசம், காவடி, மூச்சுவாங்க வைக்கும் 272 படிகள். (இந்தப் ‘பத்து’ எண் அல்ல, மலாயில் கல்.) படியேறி முடித்ததும் உயரத்துக்கு வந்துவிட்டோம் என்று நினைக்கிறோம். உண்மையில் நாம் நிற்பது, ஒரு காலத்தில் நிலத்தடி நீர் நிரம்பிக் கிடந்த பாதாளத்தில்.

மலை பிறந்தது கடலடியில், சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன். கடலுயிர்களின் ஓடுகள் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல் அது. அதைக் குடைந்தது உளி அல்ல, மழை. மழைநீர் காற்றிலிருந்து கொஞ்சமும், இலை மட்கும் மண்ணிலிருந்து நிறையவும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு கார்பானிக் அமிலமாகிறது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். சோடா குடிக்கும்போது நாக்கில் சுருக்கென்று ஏறுவதும் அதுதான். அந்தச் சோடாத் தண்ணீர் பாறைக் கீறலில் இறங்கி, கல்லைத் துளித்துளியாகக் கரைத்துக்கொண்டே போகிறது. காலப்போக்கில் கீறல் குழாயாகிறது, குழாய் கூடமாகிறது.

கரைத்ததைத் தண்ணீர் திருப்பியும் தருகிறது. கூரையில் தொங்கும் துளியிலிருந்து வாயு வெளியேறியதும், சுமந்து வந்த சுண்ணாம்பை அதனால் தாங்க முடிவதில்லை. மெல்லிய வளையமாக ஒட்டிவிட்டுச் சொட்டுகிறது. வளையம் வளையமாக நீள்வதுதான் கசிதுளி வீழ், அதாவது கூரையில் தொங்கும் கல் விழுது. சுண்டுவிரல் நீளம் வளரப் பொதுவாகச் சில நூறு ஆண்டுகள். வேல் வடிவ வாயிலைக் கண்டு தம்புசாமிப் பிள்ளை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே முருகனை வைத்தாரே, அன்றிலிருந்து வளர்ந்தது ஒரு நகத்தளவு இருந்தால் அதிகம்.

நீருக்கடியில் உருவான குகை மலைமேல் எப்படி வந்தது? குகை ஏறவில்லை, சுற்றியிருந்த நிலம் இறங்கியது. மழையும் ஆறும் அக்கம்பக்கத்துப் பாறையைக் கரைத்துத் தாழ்த்த, நீர்மட்டமும் கூடவே தாழ, குகை வறண்டு அந்தரத்தில் நின்றுவிட்டது.

கோலாலம்பூரின் பெரும் பகுதிக்கு அடியிலும் இதே வகைப் பாறைதான், இதே ஓட்டைகளோடு. இரட்டைக் கோபுரம் கட்ட வந்தவர்கள் மண்ணைத் துளைத்துப் பார்த்தபோது, கீழே பாறை ஓரிடத்தில் மேலாகவும் பக்கத்திலேயே படுகுழியாகவும் இருந்தது. ஒரு கால் கல்லிலும் ஒரு கால் சேற்றிலும் வைத்து யார் நிற்பது? இடத்தையே சுமார் 60 மீட்டர் தள்ளினார்கள். ஒவ்வொரு கோபுரத்துக்கும் 104 கான்கிரீட் தூண்கள். ஆழமானவை 110 மீட்டரைத் தாண்டும். பத்துமலை முருகன் சிலைகள் இரண்டரையை ஒன்றின்மேல் ஒன்று வைத்து இறக்கிய ஆழம். அந்தத் தூண்கள் பாறையில் ஊன்றி நிற்கவில்லை, மண்ணின் பிடிப்பில் நிற்கின்றன!

மறுபடி பத்துமலைக்கு வருவோம். படிகளில் முக்கால்வாசி ஏறினால் இருட்டுக் குகைக்கு வழி பிரியும். அங்கே சோறு போடுவது வௌவால் எச்சம்: அதைத் தின்னக் கரப்பான், கரப்பானைத் தின்னச் சிலந்தி. லிபிஸ்தியஸ் பாத்துவென்சிஸ் என்ற இந்தக் கதவுச் சிலந்தி, ஊர்ப் பெயரைத் தன் பெயரிலேயே சுமக்கிறது. பாறையில் பட்டுக் குழாய் நெய்து, வாயில் கீல் போட்ட மூடி மாட்டி, சுற்றிலும் ஏழெட்டு நூல்களை விரித்துவிட்டு உள்ளே காத்திருக்கும். நூலில் ஒரு கால் இடறினால் போதும், கதவு திறக்கும். வயிற்றின் மேல் வரிசையாகத் தட்டுகள். மற்ற சிலந்திகள் இழந்துவிட்ட பழைய உடலமைப்பு அது.

எனக்குப் பிடித்தவை வௌவால்கள். தேன் குடிக்கும் குகை வௌவால் இருட்டியதும் கிளம்பும். டுரியான் பூ மாலையில் விரிந்து விடிவதற்குள் உதிரும் ரகம். ஓரிரவுக்குள் மகரந்தம் சேர்ப்பதில் இந்த வௌவாலுக்குத்தான் பெரும்பங்கு. ஆனால் டுரியான் பூப்பது ஆண்டில் சில வாரங்கள். மற்ற நாளில் சாப்பாடு? 1970களில் ஆய்வாளர்கள் ஆராய்ந்து பார்த்தார்கள். 35 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து, கடலோரச் சதுப்புக் காட்டில் ஆண்டு முழுக்கப் பூக்கும் மரங்களில் தேன் குடித்துவிட்டு, விடியுமுன் குகைக்குத் திரும்புகின்றன. கிள்ளானில் சாலையோரம் டுரியான் பேரம் பேசும்போது, விலையில் அந்தப் பயணச் செலவைக் கடைக்காரர் சேர்ப்பதில்லை.