உழாத நிலத்தில் மூடாக்கு



நம்ம ராமநாதபுரம் சீமையிலே வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதிலே பாதிக்கு மேலே ஐப்பசி, கார்த்திகை, மார்கழியோடு தீர்ந்துபோகும். தை பிறந்தால் வெயிலும் காற்றும்தான். அறுத்த கையோடு நிலத்தை உழுதுபோட்டால் அடியிலே இருக்கிற ஈர மண் மேலே புரண்டு காய்ந்துவிடுகிறது. உழாமல், தாளை நிற்கவிட்டு, இடையிலே சருகு பரப்பி, குச்சியால் குழிபோட்டு விதைத்தால் அந்த ஈரம் பயிருக்குச் சேரும்.

இது நமக்குப் புதுசு இல்லீங்க. தஞ்சைப் பக்கம் நெல் அறுப்புக்கு ஏழு, பத்து நாள் முன்னாலேயே மெழுகுப் பதத்து ஈரத்தில் உளுந்து தூவிவிடுவார்கள். உழவும் இல்லை, பாசனமும் இல்லை. மண் ஈரமும் பனியுமே அதை வளர்க்கும். தானியத்திலும் உண்டு: பஞ்சாப், அரியானாவிலே நெல் தாளுக்கு நடுவே உழாமலே கோதுமை விதைக்கிறார்கள்.

கடலோரத்தாருக்கு இதிலே இன்னொரு லாபம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, வெயில் இழுக்க இழுக்க அடி உப்பு மேலே ஏறி வெள்ளையாய்ப் பூக்குமே, மூடாக்கு போட்ட நிலத்தில் அது குறையும். மண்டபம், ராமேசுவரம் மணலிலே கிணற்றில் மேலே நல்ல தண்ணி, அடியிலே உப்புத் தண்ணி. மிஞ்சி இறைத்தால் உப்பு ஏறிவரும். கேழ்வரகுக்கு ஒரு தண்ணி மிச்சமானாலும் கிணறு பிழைக்கும்.

மகசூல் கூடுமா என்று கேட்பீர்கள். உழவை மட்டும் நிறுத்தினால் கூடாது. உலகம் பூராவும் நடந்த 610 ஆய்வுகளைச் சேர்த்து 2015இல் கணக்குப் பார்த்தார்கள். மொத்தத்தில் உழாத நிலத்தில் சுமார் 6 சதவீதம் குறைவு. ஆனால் வறண்ட மானாவாரி நிலத்தில், மூடாக்கும் பயிர்ச்சுழற்சியும் சேர்ந்த இடத்தில், சுமார் 7 சதவீதம் கூடுதல்.

"மாட்டுக்கே வைக்கோல் இல்லை, மண்ணுக்கு எங்கே போக?" நியாயமான கேள்வி. வைக்கோல் மாட்டுக்கே இருக்கட்டும். முழங்கால் உயரத் தாளை மட்டும் விட்டு அறுங்கள். கூடவே தென்னஞ்சருகு, பனையோலை, வேப்பந்தழை போடலாம். சீமைக்கருவேல் தழை போட்டால் நெற்று ஒன்றுகூட இருக்கக்கூடாது. அப்புறம் வயலே காடாகிவிடும்.

கரையான் வரும், ஆகையால் சருகைத் தண்டோடு ஒட்டாமல் தள்ளிப் போடுங்கள். முதல் வருஷம் களை மிகும். கையால் பிடுங்கி அங்கேயே போடலாம். மட்கும் தாள் தழைச்சத்தை இழுப்பதாலே இளம் சோளம், கேழ்வரகு மஞ்சளிக்கலாம். மேலுரமாகக் கொஞ்சம் யூரியா கொடுங்கள். முதலில் பத்து சென்டில் மட்டும் செய்து, பக்கத்திலே பத்து சென்ட் வழக்கம்போல உழுது, எது எத்தனை நாள் வாடாமல் நிற்கிறது என்று பாருங்கள்.