சிங்மிங்: சீனர்களின் கல்லறை நாள்

சிங்மிங் என்பது சீனக் குடும்பங்கள் தம் முன்னோரின் கல்லறைகளுக்குச் சென்று, துப்புரவு செய்து, படையலிட்டு வணங்கும் நாளாகும். இச்சொல்லுக்குத் ‘தெளிவும் ஒளியும்’ என்று பொருள். மலேசியத் தமிழர்கள் இதைச் ‘செங் பெங்’ என்ற பெயரில் அறிவர்.

சீனப் புத்தாண்டு நிலவைச் சார்ந்த கணக்கில் வருவதால் ஆண்டுதோறும் நாள் மாறும். சிங்மிங் அப்படியன்று. மார்ச்சு மாதச் சம இரவு நாளுக்குப் பின் ஏறத்தாழ 15ஆம் நாள் என்ற சூரியக் கணக்கில் வருவதால், நம் சித்திரை முதல் நாளைப் போல ஓரிரு நாள் வேறுபாட்டில் நிலைத்துவிடுகிறது. ஏப்ரல் 4, 5 அல்லது 6. கி.பி. 732இல் தாங் மரபுப் பேரரசர் சுவான்சோங், சிங்மிங்கை ஒட்டி வரும் ‘குளிர் உணவு’ நாளைக் கல்லறை வழிபாட்டுக்கு உரியதாக்கினார். பின்னாளில் இரண்டும் ஒன்றாயின. சீனாவில் 2008 முதல் இது பொது விடுமுறை.

செய்முறை

முதல் வேலை வழிபாடு அன்று, களை பிடுங்குவது. ஓராண்டில் வளர்ந்த புல்லையும் செடியையும் அகற்றி, சரிந்த மண்ணை அணைத்து, கல்லில் மங்கிய எழுத்துகளுக்கு மீண்டும் வண்ணம் தீட்டுவார்கள். பிறகுதான் ஊதுவத்தி, மெழுகுவர்த்தி, தேநீர், மது, பழம், கோழி, பன்றி இறைச்சி. மறுமையில் செலவுக்கு உதவும் என்று காகிதப் பணத்தை எரிப்பார்கள். இக்காலத்தில் காகிதத்தால் செய்த கார், கைப்பேசிகூட எரிகின்றன. சிரிக்கத் தோன்றலாம். நாமும் படையலில் தாத்தாவுக்குப் பிடித்த சுருட்டை வைப்பவர்கள்தாமே! படைத்த உணவைக் குடும்பத்தார் பகிர்ந்து உண்பர்.

எங்கள் பிரம்மதேசம், திண்டிவனம் பக்கத்தில் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குக் கிறித்தவர்கள் கல்லறையைத் தூய்மை செய்து, பூவும் மெழுகுவர்த்தியும் வைப்பதைக் கண்டவர்களுக்கு இது புதிதாக இராது. அமாவாசைத் தர்ப்பணத்தில் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்று மூன்று தலைமுறைப் பெயர்களை வாயால் சொல்கிறோம். அதற்குமேல் பெரும்பாலான வீடுகளில் பெயர் தெரியாது. சீனர்களுக்கு அந்தப் பெயர்களைக் கல் சுமக்கிறது. கல்லைப் பராமரிக்க ஆள் வேண்டும் என்பதுதான் சிக்கல்.

இந்தியாவில்

கொல்கத்தாவுக்குத் தெற்கே, பட்ஜ் பட்ஜ் நகரை அடுத்து ஊக்ளி ஆற்றங்கரையில் அச்சிப்பூர் என்னும் ஊர் உள்ளது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் இங்கு நிலம் பெற்றுக் கரும்பு பயிரிட்டு, சர்க்கரை ஆலை வைத்த தோங் அச்சியூ என்ற சீனரின் பெயரே ஊருக்கு அமைந்தது. குதிரை லாட வடிவில், சிவப்பு வண்ணத்தில் அவருடைய கல்லறை இன்றும் இருக்கிறது. ஆண்டுதோறும் சீனப் புத்தாண்டை ஒட்டிக் கொல்கத்தாச் சீனர்கள் குடும்பம் குடும்பமாக இங்கு வந்து ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். வருபவர்களில் பெரும்பாலோர் அவருடைய இரத்தவழியினர் அல்லர். அவருக்குப் பல காலம் பின்னால் குவாங்தோங் பகுதியிலிருந்து வந்த தோல் பதனிடுவோர், தச்சர் ஆகியோரின் வழியினர். ஆயினும் இந்த மண்ணில் முதலில் குடியேறியவர் என்பதால் எல்லார்க்கும் அவரே முன்னோர்.

தம் சொந்த முன்னோருக்கு அவர்கள் செல்வது தாங்ராப் பகுதியிலுள்ள சீனர் கல்லறைத் தோட்டங்களுக்கு. 1962 சீனப் போரின்போது சீன வழி இந்தியர் ஏறத்தாழ 3,000 பேர் இராசத்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். அதன்பின் பலர் கனடா போன்ற நாடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். எஞ்சியவர்கள் சில ஆயிரம் பேரே. வெளிநாட்டில் இருப்போரில் சிலர் புத்தாண்டுக்கோ சிங்மிங்குக்கோ விமானமேறி வருகிறார்கள். வர இயலாதவர்களின் கல்லறையில் பக்கத்துக் குடும்பத்தார் புல்லைப் பிடுங்கி, ஓர் ஊதுவத்தியையும் செருகிவிட்டுப் போவதுண்டு.