தோன்றி மறையும் எழுத்துப் பிழை

எல்லாக் கணினிகளிலும் தெரியும் பிழையைத் திருத்துதல் எளிது. ஒன்றில் தோன்றி மற்றொன்றில் மறையும் பிழையோ கண்டவரையும் மயங்க வைக்கும். எங்கள் பள்ளி மாணவர் பட்டியலில் நேர்ந்தது இத்தகையதே.

பட்டியலில் பொன்னி என்றொரு பெயர். அலுவலகக் கணினியில் அது செம்மையாகவே தெரிந்தது. அதே கோப்பை ஆசிரியர் ஒருவர் தம் மடிக்கணினியில் திறந்தபோது, பெயரின் தொடக்கத்தில் கொம்பையடுத்துப் புள்ளிகளாலான சிறு வட்டம் ஒன்று நின்றது. தேர்வுப் பதிவுக்காகப் பெயரைத் தேடினாலோ, இரண்டு கணினிகளிலும் அகப்படவில்லை. கண்ணெதிரே உள்ள பெயரை இல்லையென்றது கணினி. பெயர் விடுபட்டால் இழப்பு அக்குழந்தைக்கன்றோ?

முதலில் எழுத்துருவை ஐயுற்றோம். அதை மாற்றியபோது ஒன்றில் வட்டம் மறைந்தது. மற்றொன்றில் மீண்டும் வந்தது. பெயர் மட்டும் எதிலும் தேடலுக்கு அகப்படவில்லை. ஆகவே குற்றம் தோற்றத்தில் இல்லை, சேமிப்பில் உள்ளது என்பது தெளிவாயிற்று. பிறகு பெயரை அழித்துப் புதிதாகத் தட்டினோம். பிழை போயிற்று. எத்தனை முறை தட்டியும் அது திரும்பவில்லை. நல்ல வேளையாகப் பழைய கோப்பின் படி ஒன்று இருந்தது. காரணம் அதில்தான் கிடைத்தது.

தமிழ்த் தட்டச்சுப் பொறியில் ‘பொ’ எழுத, முதலில் கொம்பு, பின்னர் பகரம், இறுதியில் கால் என்று தட்டுவோம். கண்ணுக்குத் தெரியும் வரிசை அதுவே. பழைய கணினி எழுத்துருக்களும் அவ்வரிசையையே கொண்டிருந்தன. 1991இல் முதலில் வெளியான யூனிகோடு முறையோ ஒலிக்கும் வரிசையைக் கொண்டது: மெய்க்குரிய எழுத்து முன்னர், உயிர்க்குறி பின்னர். அதில் பகரத்தின் எண் 2986. கொம்பின் எண் 3014. காலின் எண் 3006. கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறிக்கு எண் 3018. பகரத்தின்பின் 3018 வரினும், 3014உம் 3006உம் அடுத்தடுத்து வரினும் இரண்டும் ஒன்றெனவே அம்முறை கொள்ளும். கொம்பு பகரத்தை முந்தினால் மட்டும் ‘பொ’ ஆகாது.

சார எழுத்தில்லாக் கொம்புக்குத் துணையாகக் கணினி இடுவதே அப்புள்ளி வட்டம். எழுத்துருவில் வட்டம் இல்லையெனில், கொம்பும் பகரமும் காலும் வெறுமனே வரிசையாக நிற்கும். கண் அதைப் ‘பொ’ என்றே படிக்கும்.

எங்கள் பட்டியல் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்டது. மாற்றிய செயலி எழுத்துக்கு எழுத்து மாற்றியதேயன்றி வரிசையை மாற்றவில்லை. தமிழ்99 போன்ற விசைப்பலகைகளோ மெய்யை முன்வைத்தே சேமிக்கின்றன. நாங்கள் தட்டியபோது பிழை வராததன் காரணம் இதுதான்.

சோதிக்கும் வழி எளிது. ஐயத்திற்குரிய எழுத்தைப் படியெடுத்து வெற்றுப் பக்கத்தில் இடுங்கள். அதன் முடிவிலிருந்து, பின்னழிப்பு விசையை ஒவ்வொரு முறையாகத் தட்டுங்கள். பெரும்பாலான செயலிகளில் குறிகள் ஒவ்வொன்றாக மறையும். கடைசியில் பகரம் எஞ்சினால் எழுத்து செம்மையானது. கொம்பு எஞ்சினால் வரிசை பிறழ்ந்தது. இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

மாணவன் கணக்கைத் தவறாகப் போட்டால், அதை அழிக்கச் சொல்லுமுன் எந்த வரியில் வழுக்கினான் என்று பார்ப்பது ஆசிரியர் வழக்கம். கணினிப் பிழைக்கும் அம்முறையே ஏற்றது. பிழையுள்ள கோப்பை அப்படியே ஒரு படி எடுத்து வைத்த பின்னரே திருத்தத் தொடங்குக.