கயிற்றுக்கு முன்னால் காற்றுமானி

ஜீப் வகை வண்டி வாங்கிக் கரடுமுரடான பாதையில் ஓட்ட நினைக்கிறவர்களில் பலர், கருவிப் பெட்டி என்றதும் இழுவைக் கயிற்றையும் வின்ச் என்னும் இழுவை இயந்திரத்தையும்தான் முதலில் விசாரிக்கிறார்கள். இந்த வரிசை தலைகீழானது, உயிருக்கே ஆபத்தானதும்கூட. புதுச்சேரியைச் சுற்றி இப்படிப்பட்ட வண்டி சிக்குவது பெரும்பாலும் வீராம்பட்டினம் பக்கத்துக் கரையோர மணலில், பொம்மையார்பாளையம் பக்கத்துச் செம்மண் ஓடைகளில், அல்லது மழைக்காலத் தண்ணீரில். மணலில் சக்கரம் புதைவது எஞ்சினுக்கு வலு போதாததால் அல்ல. டயர் மணலைத் தொடும் பரப்பு சிறியதாக இருப்பதால், மொத்த எடையும் அந்தச் சிறு இடத்தில் அழுந்துகிறது. சாலையில் 30 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும் காற்றை 18 அளவுக்கு இறக்கினால் டயர் நீளவாக்கில் படிந்து, எடை பரவி, பல நேரம் வண்டி தானாகவே வெளியே வந்துவிடும். ஆகவே பெட்டியில் முதலில் இருக்க வேண்டியவை காற்றுமானியும் 12 வோல்ட் காற்று பம்பும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது. இறக்கிய காற்றை நிரப்பாமல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறி வேகம் பிடித்தால், டயரின் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கக்கூடும். அடுத்து மண்வெட்டி. அதன் பிறகு தடித்த மரப்பலகை ஒன்று. அது இல்லாமல் மணலில் வைக்கும் ஜாக்கி வண்டியைத் தூக்காது, தானே புதையும். கயிறு இவற்றுக்கெல்லாம் பின்னால்தான் வரும்.

கயிற்றைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. நீண்டு சுருங்கும் மீட்புக் கயிறு, ஓடும் வண்டியின் விசையைத் தனக்குள் சேர்த்துவைத்து ஒரே நொடியில் விடுவிக்கிறது. அந்த நொடியில் கொக்கியோ வெல்டிங்கோ விட்டுப்போனால், பிய்ந்த இரும்பு கண்ணாடியைத் துளைத்து உள்ளே இருப்பவரைக் கொல்லும். டிரெய்லர் இழுக்கும் குமிழில் கயிற்றை மாட்டி, குமிழ் உடைந்து உயிர் போன சம்பவங்கள் ஆஸ்திரேலியாவில் நடந்திருக்கின்றன. இப்படிப்பட்ட மீட்புக் கயிறுகளில் எச்சரிக்கை அச்சிட்டே விற்க வேண்டும் என்று அந்த நாடு கட்டாய விதியே வைத்திருக்கிறது. கயிறு வாங்குவதானால், முறிவுத் திறன் அச்சிட்டிருப்பதை, வண்டி எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு தாங்குவதை வாங்குங்கள். சேஸிஸில் தயாரிப்பாளரே கொடுத்த இழுவை வளையத்தில் மட்டும் மாட்டுங்கள். நடுவில் ஈரச் சாக்கையோ கனத்த போர்வையையோ போடுங்கள். கயிறு எட்டும் தூரத்தில் யாரையும் நிற்க விடாதீர்கள்.

வின்ச் இருந்தால் இந்தக் கவலையே வேண்டாமே என்று கேட்கலாம். வின்ச் ஒரு நல்ல கருவிதான். ஆனால் அதைப் பொருத்துவதற்காக முன்பக்கத்தை வெட்டி இரும்பு பம்பர் வைப்பது தனி விவகாரம். மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. பம்பருக்கு முன்னால் வைக்கும் இரும்புக் கம்பித் தடுப்புகளுக்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2017 டிசம்பரில் மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. 2019 திருத்தத்துக்குப் பின், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. இது வெறும் கெடுபிடி அல்ல. அந்த இரும்பு, சாலையில் நடப்பவரின் காலையும் இடுப்பையும் நேராகத் தாக்குகிறது. கடல் மணலிலும் உங்கள் வண்டிக்குத் தடையற்ற உரிமை இருப்பதாக எண்ண வேண்டாம். ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் கரை இது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர்கள் அவை.

கம்பெனி கொடுக்கும் டூல் கிட் போதாதா, போன் செய்தால் மெக்கானிக் வந்துவிட மாட்டாரா என்பது இன்னொரு கேள்வி. கம்பெனி கிட் சாலையோரத்தில் சக்கரம் மாற்றுவதற்கானது. மணலுக்கும் சேற்றுக்கும் அது போதாது. 2020 ஜூலைத் திருத்தத்தின்படி, டியூப்லெஸ் டயரும் காற்றழுத்தத்தைக் காட்டும் அமைப்பும் பஞ்சர் கிட்டும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னியே கட்டாயமில்லை. அதனால் டெலிவரி எடுக்கும்போதே ஸ்டெப்னி உண்டா, ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் உள்ளே இருக்கின்றனவா என்று திறந்து பாருங்கள். போனை நம்பலாமா என்பதற்கான பதிலை ஃபெஞ்சல் புயல் தந்தது. 2024 நவம்பர் 30 இரவு கரை கடந்த அந்தப் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. கிருஷ்ணா நகரில் சிக்கியவர்களை மீட்க ராணுவம் இறங்கியது. அப்படிப்பட்ட இரவில் டார்ச்சும், பக்கக் கண்ணாடியை உடைக்கும் சுத்தியலும், சீட் பெல்ட்டை அறுக்கும் கத்தியும்தான் கருவிகள். அவை டிக்கியில் அல்ல, ஓட்டுநரின் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். முன் கண்ணாடி அந்தச் சுத்தியலுக்கு உடையாது என்பதையும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.

தண்ணீரில் நின்ற எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. உள்ளே போன தண்ணீர் எஞ்சினை முறிப்பதோடு, எஞ்சின் பாதுகாப்புக் கூடுதல் காப்பீடு எடுக்காதவர்களின் கோரிக்கை நிராகரிக்கப்படவும் அப்படி ஸ்டார்ட் செய்வதே காரணமாகிறது. நிராகரிப்பு நியாயமில்லை என்றால், முதலில் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் வேண்டாம். புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் சென்னை அலுவலகம்தான். கருவியே பழுதாகி அடிபட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இருக்கிறது. சரியாகப் பயன்படுத்தும் முறையையும் எச்சரிக்கையையும் பொருளில் சொல்லாமல் விட்டதற்கே தயாரிப்பாளர் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம்; 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமில்லை. முதல் ஆலோசனைக்கு நுகர்வோர் உதவி எண் 1915. இதற்கெல்லாம் பில் வேண்டும். பில் இல்லாமல் மலிவாகக் கிடைக்கிறது என்று கயிற்றை மாட்டும் ஷாக்கிளையும் கயிற்றையும் வாங்கினால், அறுந்த துண்டைக் கையில் வைத்திருந்தாலும் யாரிடம் வாங்கினோம் என்று நிரூபிப்பது கடினம்.