நின்றுபோன தூரிகை

தச்சனின் உளி மழுங்கினால் அவனே தீட்டிக்கொள்வான். கணிப்பொறிக் கலைஞனின் உளியோ, விற்றவன் 'போதும்' என்றால் நின்றுவிடும்!

மாண்ட்ரியலில் 1986-இல் 'சாஃப்டிமேஜ்' மென்பொருளைத் தொடங்கிய தானியல் லாங்லுவா, தாமே ஓர் அசைபடக் கலைஞர். 1993-இல் 'ஜுராசிக் பார்க்' விலங்குகளை நடமாடச் செய்ததில் இதற்குப் பெரும்பங்குண்டு. 2008-இல் இதனுள் 'ஐஸ்' என்னும் பகுதி சேர்ந்தது. சிறு சிறு பெட்டிகளைக் கோடுகளால் இணைத்தால் போதும். நிரல் எழுதத் தெரியாதவரும் புகையையும் மணலையும் ஆட்டிவைத்தனர். ஆக்கியோர் நினையாத வேலைக்கெல்லாம் அதை வளைத்தனர்.

அவ்வாண்டே ஆட்டோடெஸ்க் நிறுவனம் இதை வாங்கிற்று. மாயா, மேக்ஸ் ஆகிய இரண்டும் ஏற்கெனவே அதனிடம் இருந்தன. பிறகென்ன? 2014 மார்ச்சில் நிறுத்த அறிவிப்பு வந்தது. பதிலுக்கு மாயா தருகிறோம் என்றனர். வீணைக்காரனுக்கு நாதசுரம் கொடுத்தாற்போல! ஐஸில் பின்னிய வலைகளை அப்படியே மாயாவுக்குக் கொண்டுபோக வழியில்லை.